நாலாவது சுற்றில் நின்ற நட்டு

"கடையில ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று என் அத்தையிடம் கேட்டவர்கள் முப்பது வருஷத்தில் எத்தனை பேரோ. எல்லாருக்கும் ஒரே பதில்தான். "இருக்காங்களே. டீ குடிக்கப் போயிருக்காங்க. டீயைப் பத்தி ஏதாவது கேக்கணுமா?" கேட்டவர் அசடு வழிந்தபடி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த துருப்பிடித்த போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைப்பார். அத்தை அதன் மரையின்மேல் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை ஓட்டுவாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டி, கூரை வரை அடுக்கியிருக்கும் இழுப்பறைகளில் ஒன்றை இழுப்பாள். அதற்குள் அந்த போல்ட்டின் உடன்பிறப்பு கிடக்கும்.

கடை பெரியப்பாவுடையது. எட்டடி அகலம், நாற்பதடி நீளம். உள்ளே நுழைந்தால் ரயில் பெட்டிக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். விற்பது முழுக்க முழுக்க நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ, வாஷர். கடையில் உட்கார ஆள் கிடைக்காத ஒரு மழைக்காலத்தில், "மூணு மாசம் பார்த்துக்கோ" என்று பெரியப்பா தன் தங்கையைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. நடுவில் இரண்டு கல்யாணப் பேச்சு வந்தது. முதல் மாப்பிள்ளை வீட்டாருக்கு அத்தையைப் பிடிக்கவில்லை. இரண்டாமவருக்குப் பிடித்திருந்தது, கை எப்போதும் கிரீஸாக இருக்கிறதே, கடையை மட்டும் விட்டுவிடட்டும் என்று சொல்லி அனுப்பினார். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட அத்தை சொல்லவில்லை. "கடை இருக்கட்டும். அவரை விட்டுடலாம்" என்றாளாம்.

கேட்டதை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் அவளிடம் கிடையாது. எதற்கு என்று தெரிந்த பிறகுதான் இழுப்பறை திறக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு வெறும் இரும்பு போல்ட்டு கேட்டு வந்தவரிடம், "அடுத்த வருஷம் இதைக் கழட்ட வருவீங்க, அப்ப தலை மட்டும் கையோட வரும்" என்று சொல்லி எவர்சில்வரைக் கொடுப்பாள். கொடுத்த கையோடு எச்சரிக்கையும் வரும்: எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டைப் போடும்போது மரையில் துளி கிரீஸ் தடவ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிரிக்கக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சுவிட்ச் போர்டுக்குள் கம்பியைப் பிடிக்கப் பித்தளை. அதிரும் மோட்டாருக்குத் தலையில் எண் பொறித்த கெட்டி போல்ட்டு, கூடவே ஸ்பிரிங் வாஷர். மரத்துக்குப் போகிற ஸ்க்ரூவும் தகரத்துக்குப் போகிற ஸ்க்ரூவும் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு போய்விடும். அவற்றுக்கு யார் தயவும் வேண்டாம். போல்ட்டு அப்படி இல்லை. அதற்குப் பொருத்தமான நட்டு வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் வாடிக்கையாளர்கள் அவளைப் பார்த்து நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். "நான் ஸ்க்ரூ" என்பாள்.

தெருவில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ரெண்டு சுத்து. எந்த போல்ட்டையும் நட்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் போட்டுக் கொடுக்க மாட்டாள். நட்டை எடுத்து போல்ட்டின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, மரை நசுங்கவில்லை என்று பார்த்துத்தான் கொடுப்பாள். நூறு வாங்கினாலும் அப்படித்தான். அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். "பக்கத்துக் கடையில தராசில போட்டு அள்ளிக் கொடுப்பாங்க, போங்க" என்பாள். யாரும் போனதில்லை.

இனி அரை இஞ்சு போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது புரியாது.

இஞ்சுக் கணக்கில் செய்யும் போல்ட்டுகளில் பழைய மரை, புது மரை என்று இரண்டு வகை. நாம் அன்றாடம் கையாளும் மற்ற அளவுகளில் இரண்டுக்கும் ஒரு இஞ்சுக்குள் இருக்கும் மரை எண்ணிக்கை ஒன்றுதான். மாற்றிப் போட்டாலும் ஏதோ போகும். அரை இஞ்சில் மட்டும் அந்தச் சமரசம் இல்லை. பழையதில் இஞ்சுக்குப் பன்னிரண்டு, புதியதில் பதின்மூன்று. எங்கள் கடைக்கு வந்த இரண்டு வகைக்கும் பருமன் ஒன்று, நிறம் ஒன்று, போடுகிற ஸ்பேனரும் ஒன்று. கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பன்னிரண்டு போல்ட்டில் பதின்மூன்று நட்டைப் போட்டால் முதல் இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவதில் முனகும். நாலாவதில் நின்றுவிடும். அதற்குமேல் நீள ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் மரையை நசுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். முடுக்குகிறவன் கைக்கு அது நன்றாக இறுகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் தகடும் தகடும் சேர்ந்திருக்காது. நட்டு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் அத்தை இந்த இரண்டையும், பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகளைப் போல, ஒன்றை வாசல் பக்கத்திலும் மற்றதை நாற்பதடி தள்ளிக் கடைசிச் சுவரிலும் வைத்திருந்தாள். எங்கும் எழுதி வைக்கவில்லை. அவள் தலைக்குள் மட்டும் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த நான், அந்த வாரம் கடையில் உட்கார்ந்திருந்தேன். அத்தைக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கி, கன்னம் பூசணி மாதிரி வீங்கி, மூன்று நாள் வீட்டோடு கிடந்தாள். பெரியப்பா மகனுக்கு அதுதான் நேரம். அவனுக்குக் கடையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அத்தை இருக்கும்போது ஒரு வாஷரைக்கூட நகர்த்த முடியாது. பளபளவென்று பிளாஸ்டிக் பெட்டிகள் வந்து இறங்கின. இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொட்டி, அளவு வாரியாகப் பிரித்தான். லேபிள் எழுதி ஒட்டியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேட்டான், எழுதினேன். சரக்கு வந்த அட்டைப்பெட்டிகளில் அந்நிய மொழியில் பெரிய எழுத்தில் அளவும், அதன் கீழே எறும்பு எழுத்தில் மரையின் வகையும் அச்சிட்டிருந்தது. அந்த மொழியை நானும் அவனும் பதினைந்து வருஷம் படித்திருக்கிறோம். இரண்டு பேருமே பெரிய எழுத்தை மட்டும் படித்தோம். வாசல் பக்கத்துச் சரக்கும் கடைசிச் சுவர்ச் சரக்கும் 'அரை இஞ்சு' என்று நான் எழுதிய பெட்டிகளுக்குள் ஒன்றாகப் போய் விழுந்தன: போல்ட்டு ஒரு பெட்டியில், நட்டு ஒரு பெட்டியில்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தாள். கன்னத்தில் இன்னும் வீக்கம். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாயின் ஒரு பக்கத்தால், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கு எட்டிய பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டும் நட்டும் எடுத்தாள். சும்மா, கை பழக்கத்துக்கு. சுற்றினாள். நின்றது. வேறொரு நட்டை எடுத்தாள். அது கடைசி வரைக்கும் ஓடியது. மூன்றாவது நின்றது. பெட்டியின் லேபிளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இதிலிருந்து யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். முந்தாநாள் பட்டறைக்காரர் வந்து முந்நூற்று இருபது ஜோடி வாங்கிப்போனார் என்று பெரியப்பா மகன் சொன்னான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தான். பின்தெருவில் இருக்கும் நாலு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்புறமாக இரும்புப் படிக்கட்டு வைக்கிறாராம். மேல் இரண்டு மாடியிலும் தையல் கூடம், நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். லிஃப்ட் வைப்பதற்காக உள் படிக்கட்டைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். அன்றிலிருந்து ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வெளிப் படிக்கட்டு ஒன்றுதான்.

"எல்லாத்தையும் சுத்திப் பார்த்தியா?" என்றாள் அத்தை.

"பார்த்தேன் அத்தை. ஒவ்வொண்ணையும் ரெண்டு சுத்து சுத்தித்தான் கொடுத்தேன். நீங்க செய்யற மாதிரியேதான்."

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. அவனை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மரை நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு சுற்றுப் போதும். வகை மாறியிருக்கிறதா என்று பார்க்க நாலாவது சுற்று வேண்டும். வகை மாறவே மாறாதபடி அவள் வைத்திருந்ததால், நாலாவது சுற்று முப்பது வருஷமாகத் தேவைப்படவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று மெல்லச் சொன்னாள்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் உற்சாகமாக இருந்தார். எல்லாம் மாட்டியாயிற்று, பெயிண்ட்டும் அடித்தாயிற்று, கை நீளத்துக்கு ஸ்பேனர் போட்டு முடுக்கினதில் ஆட்கள் வேர்த்து விறுவிறுத்துப் போனார்கள், யானை ஏறினாலும் அசையாது என்றார்.

"வேர்த்துச்சா? வேர்த்திருக்கக் கூடாதே" என்றாள் அத்தை.

விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். பல்வலியில் அக்காவுக்குத் தலையும் சுற்றுகிறது, மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள் என்று, போனை வாங்கிய பெரியப்பாவிடம் சொன்னார்.

பெரியப்பா போனை வைத்துவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்தினார். பக்கத்துக் கடைக்குக் கேட்கக் கூடாது. அவர் கெட்டவர் இல்லை. அறுபத்தெட்டு வயது, மூட்டு வலி, இருக்கிறது ஒரே கடை. போல்ட்டு எல்லாம் துளைக்குள்தானே இருக்கிறது, எங்கே ஓடிவிடும், மெல்லப் பட்டறைக்காரரிடம் பேசி ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்றார். நூற்று நாற்பது பேர் தினம் நாலு தடவை ஏறி இறங்கி ஒரு மாதம் அதிர்ந்தால் என்ன ஆகும் என்று அத்தை கேட்டாள்.

"நம்ம சரக்கு சரியில்லைன்னு நம்ம வாயாலயே போய்ச் சொல்றதா? அப்புறம் இந்த வாசப்படியை யார் மிதிப்பாங்க?"

"நான் அந்தப் படியை மிதிக்கப்போறவங்களைப் பத்திப் பேசறேன் அண்ணே. நீ இந்த வாசப்படியைப் பத்திப் பேசற."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் குரல் எழும்பாது, இறங்கும். "போறதுன்னா போ. போயிட்டு வந்து இந்த ஸ்டூல்ல உக்காராதே" என்றார்.

"சரி" என்றாள் அத்தை. எழுந்தாள். சுவரில் தொங்கிய ஸ்பேனரையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "லேபிள் எழுதின கை, நாளைக்குக் காலையில என்கூட வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் வந்தார். வந்து தொலைத்தால்தான் இவள் விடுவாள் என்று. தையல் கூடத்து மேனேஜரும் வந்திருந்தார். பச்சைப் பெயிண்டில் படிக்கட்டு, கட்டடத்தின் முதுகில் ஏணி சாத்திய மாதிரி நின்றது. ஒவ்வொரு தளத்திலும் படி வரிசையைச் சுவரில் பதித்த இரும்புச் சட்டத்தோடு சேர்க்கும் தகடுகள். தகட்டுக்கு எட்டு போல்ட்டு. கைக்கு எட்டும் தகட்டில் பட்டறைக்காரரே ஸ்பேனரைப் போட்டார். முதல் நட்டு 'டக்' என்று விட்டு அழகாகக் கழன்று வந்தது. சரியான ஜோடி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். எனக்கு, ஒன்றுமே தவறில்லையோ, பெரிய ரகளை செய்துவிட்டோமோ என்று ஒரு பயம். தவறு இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலாவது நட்டு அசையவில்லை. பட்டறைக்காரர் உடம்பையே ஸ்பேனரில் தொங்கவிட்டார். ஊஹூம். மூச்சு வாங்கிக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா சார், எப்படிப் பிடிச்சிருக்கு? இதுதான் நம்ம வேலை."

"கழட்ட வரணும்" என்றாள் அத்தை. "புதுசாப் போட்ட நட்டு கழட்ட வரலைன்னா அது இறுகலை, மாட்டிக்கிட்டிருக்கு. வெட்டிப் பாருங்க."

பெயிண்ட் காயாத படிக்கட்டில் கிரைண்டரை வைப்பதா என்று அவர் கொதித்தார். அத்தை மூன்றாவது நட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு, சுத்தியலால் அந்த போல்ட்டின் தலையைத் தட்டினாள், பிறகு நாலாவதை. ஒன்று கணீரென்றது, மற்றது ஓட்டைப் பானை மாதிரி ஒலித்தது. எனக்கே கேட்டது. மேனேஜர், தனக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது, இரண்டும் இரும்புச் சத்தமாகத்தான் கேட்கிறது என்றார். பேச்சு நீண்டு, கடைசியில் பத்து போல்ட்டு பார்ப்பது என்று முடிவாயிற்று. பத்தில் ஏழு கழன்றது, மூன்று கழலவில்லை. பத்துக்கு ஏழு சரி என்று பட்டறைக்காரர் கையை விரித்தார். பரீட்சையில் அது முதல் வகுப்பு என்றார் மேனேஜர்.

"ஏழு படி ஏறி எட்டாவது படியில விழறவகிட்ட இந்த மார்க்கைச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அவர்கள் அவளிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர், படித்தவர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார்கள். உள் படிக்கட்டை இடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தையல் கூடத்திலும் வேலை தொடங்கும், அதில் மாற்றமில்லை. நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், எட்டு மணிக்கு வேலை என்றால் தைக்கிற பெண்கள் எத்தனை மணிக்கு வர ஆரம்பிப்பார்கள் என்று.

திங்கட்கிழமை ஏழே காலுக்கு அத்தை படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. இது விழாதா என்று கேட்டேன். "முதல் படி சிமெண்ட். பார்த்துத்தான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

ஏழரைக்குமேல் தையல்காரப் பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். யாரோ வழிப்போக்கர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்றார்கள். அத்தை தள்ளவில்லை. கத்தவும் இல்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தை, வீங்கிய வாயால் குழறிக் குழறிச் சொன்னாள். இந்தப் படிக்கட்டின் நட்டு எங்கள் கடையில் வாங்கியது, அதில் தப்பான நட்டு கலந்திருக்கிறது, அது எங்கள் தப்பு, மாற்றுகிற வரைக்கும் ஏறாதீர்கள். முப்பது பேர் சேர்ந்தார்கள். ஐம்பதாயிற்று. சிலர் சிரித்தார்கள். சிலர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். மரை கழண்ட கேஸ் என்று ஒரு குரல் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

மேனேஜர் வேகமாக வந்தார். எழுந்திரு என்றார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க. வந்ததும் அவங்களையே முதல்ல ஏறச் சொல்லுவோம்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அப்போது கழுத்தில் அளவு டேப்பைப் போட்டிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். காஜா எடுப்பது அவள் வேலையாம். எல்லாரும் காஜாக்கா என்றார்கள். எங்கே காட்டுங்கள் என்று கேட்டாள். அத்தை உட்கார்ந்தபடியே தலைக்குமேல் இருந்த தகட்டைக் கைகாட்டினாள். காஜாக்கா எக்கி நின்று நட்டுகளைப் பார்த்தாள், விரலால் தடவினாள். பிறகு கழுத்திலிருந்த டேப்பை உருவி, அதன் முனையை ஒரு நட்டின் வாஷருக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகப் பார்த்தாள். போகவில்லை. அடுத்ததில் போகவில்லை. அதற்கடுத்ததில், பெயிண்ட் எட்டாத அடிப்பக்கத்தில், டேப் உள்ளே போயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். ஒரு விரற்கடை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் தொங்கிப் பார்த்தும் அசையாத நட்டு அது.

டேப்பை அப்படியே தொங்கவிட்டுவிட்டு அவள் திரும்பினாள். "மேல பார்த்தா தையல் ஓடியிருக்கு. கீழ் நூல் பிடிக்கலை" என்றாள்.

அதற்குமேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேல் நூல் மட்டும் ஓடிய தையல் என்ன ஆகும் என்று அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். பார்க்க ஒழுங்காக இருக்கும், போட்டுக்கொண்டு நடந்தால் பாதி வழியில் பிரியும். நாலைந்து பேர் தங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு மற்ற தகட்டுக்குப் போனார்கள். "இங்கயும் போகுது." "இதுலயும்." காஜாக்கா வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். படியில் இடம் போதாமல் மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

இன்றைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு மேலே கிடக்கிறது என்று மேனேஜர் கத்தினார். ஒருத்தி, "நாங்க ரெடிதான் சார். மிஷினைக் கீழே இறக்குங்க, தைச்சுத் தர்றோம்" என்றாள். அவர் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார். அவரும் ஏறவில்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள். உள் படிக்கட்டுக்குச் சம்மட்டியோடு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதன் கதவுப் பூட்டைத் திறந்துவிட்டார்.

பட்டறைக்காரர் வந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தார். தொங்கிக்கொண்டிருந்த டேப்பை இழுத்துப் பார்த்தார். கிரைண்டரை எடுத்து அந்த நட்டை வெட்டினார். உள்ளே மரை பொடியாகி, பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. அதை அவர் வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பெரிய ஏணி ஒண்ணு வேணும்" என்றார் மேனேஜரிடம்.

நட்டை மட்டும் மாற்றினால் போதாது, நசுங்கிய மரையுள்ள போல்ட்டும் போக வேண்டும், முந்நூற்று இருபதையும் பார்க்க வேண்டும் என்றாள் அத்தை. இந்தமுறை யாரும் பத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்கவில்லை.

மத்தியானம் பெரியப்பா வந்தார். மகன் பின்னால் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு மரை போல்ட்டும் நட்டும், இரண்டு பேரும் காலையிலிருந்து உட்கார்ந்து பிரித்தவை. பெரியப்பா தங்கையின் பக்கம் திரும்பவில்லை. நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பிரித்ததை மறுபடியும் எடுத்து, ஒவ்வொரு நட்டையும் போல்ட்டின் தலை வரைக்கும் சுற்றிக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வருகிற போகிறவர்கள் எந்தக் கடை என்று கேட்டார்கள். கடையின் பெயரை அவர் சத்தமாகவே சொன்னார்.

வெட்டி முடிக்கச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆயிற்று. முந்நூற்று இருபதில் நூற்றுப் பதினேழு தப்பு. அந்த இரண்டு நாளும் அத்தை கடைக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. படிக்கட்டடியிலேயே இருந்து, முடுக்கிய ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேட்டாள்.

புதன்கிழமை காலை, என் விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நூற்று நாற்பது பேரும் கீழே நின்றார்கள். யார் முதலில் ஏறுவது? பட்டறைக்காரர் அத்தையைப் பார்த்தார், மேனேஜரும் பார்த்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். வழியெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்டது. முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மாடித் தளத்தில் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே இருந்து அவள் கன்னத்து வீக்கம்தான் முதலில் தெரிந்தது.

மேனேஜர் பெண்களை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராகப் போங்கள், ஒருத்தர் மேலே போன பிறகு அடுத்தவர் என்று கையால் தடுத்தார்.

"ஒவ்வொருத்தரா வராதீங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "தீப்பிடிச்சா ஒவ்வொருத்தராவா இறங்குவீங்க? எல்லாரும் சேர்ந்து ஏறுங்க."

காஜாக்கா மேனேஜரின் கையை விலக்கிவிட்டு முதல் படியில் கால் வைத்தாள். அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் நகர்ந்தது. டிபன் பாத்திரங்களும் செருப்புகளும் இரும்பும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்து ஜன்னல்கள் திறந்தன. பட்டறைக்காரர் கீழே ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஏறினேன், கைப்பிடியை விடாமல்.

பெரியப்பா மட்டும் கீழே நின்றிருந்தார்.

"அண்ணே, நீயும்தான்" என்றாள் அத்தை.

மூட்டு வலிக்காரர். எங்கள் வீட்டு மாடிக்கு ஏறியே நாலு வருஷம் ஆகிறது. முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் கைப்பிடியைப் பற்றி, அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒவ்வொரு படியாக ஏறினார். யாரும் அவருக்கு வழி விடவில்லை. அவரும் கேட்கவில்லை.